மடியிலா, மேசையிலா, கையிலா?

கணினி தொடர்பாகச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் அண்மையில் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, அவற்றில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைச் சுற்றி வருவதைக் கண்டேன். சிறிய லேப்டாப் வாங்குவதா, கீபோர்டைக் கழற்றிவிட்டு டேப்லெட்டாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய டூ-இன்-ஒன் வாங்குவதா என்பதே அந்தச் சந்தேகம். இரண்டுக்கும் குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு கரைகிறது. வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

பதில்களுக்குள் போகுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கடைகளில் டூ-இன்-ஒன் என்ற ஒரே பெயரில் இரண்டு வகைக் கருவிகள் விற்கின்றன. ஒன்று, திரையே முழுக் கணினியாக இருக்க, கீபோர்டு காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகை. 2012 இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த சர்ஃபேஸ் இதை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தியது. மற்றொன்று, கீபோர்டு கழலாமல், திரை மட்டும் முழுவதுமாகப் பின்னால் மடங்கும் லேப்டாப். லெனோவோவின் யோகா வரிசை அதே 2012 இல் இந்த வகையில் வந்தது. இரண்டின் குணமும் வேறு என்பதால், கீழே எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை ஒவ்வோர் இடத்திலும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தாய், ஆத்தூர்

கேள்வி: என் மகள் சேலத்தில் பி.காம். சேர்ந்திருக்கிறாள். தினமும் பஸ்ஸில்தான் போய் வருகிறாள். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஐந்து ரோடு அருகே ஒரு கடையில், "இப்போது எல்லாரும் டூ-இன்-ஒன்தான் வாங்குகிறார்கள் மேடம், லேப்டாப்பும் ஆச்சு, டேப்பும் ஆச்சு" என்றார்கள். 60 ஆயிரம் ரூபாய் வரை எங்களால் முடியும். எதை வாங்குவது?

பதில்: அம்மா, உங்கள் மகளுக்குச் சிறிய லேப்டாப்தான் பொருந்தும். கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் கருவியை மேசைமீது வைத்துக் காட்டியிருப்பார். உங்கள் மகளுக்கு வாழப்பாடிக்கும் அயோத்தியாப்பட்டணத்துக்கும் இடையில் மேசை கிடைக்காது.

கீபோர்டு கழலும் வகையில் கணினியின் உறுப்புகள் அத்தனையும் திரைக்குள்ளேயே இருப்பதால், எடையும் அங்கேயே இருக்கிறது. கீபோர்டு வெறும் அட்டை போன்றது. அந்தக் கனமான திரையை நிமிர்த்தி நிறுத்த, அதன் முதுகில் ஒரு கால் விரிகிறது. விரித்த நிலையில் கீபோர்டின் முன் விளிம்பிலிருந்து அந்தக் காலின் நுனி வரை அளந்து பார்த்தேன். சுமார் 35 சென்டிமீட்டர் வந்தது. பக்கத்தில் வைத்த 13 அங்குல லேப்டாப்புக்கு 22 சென்டிமீட்டர்கூட இல்லை. பஸ்ஸில் முன் இருக்கையின் முதுகு முழங்காலை இடிக்கிற இடத்தில், மடியில் பையும் இருக்கும்போது, 35 சென்டிமீட்டருக்கு இடம் காண்பது கடினம். காலின் நுனி முழங்காலைத் தாண்டிவிட்டால், அடுத்த வேகத்தடையில் திரை பின்பக்கமாகச் சாயும். லேப்டாப்பில் கனம் அடிப்பகுதியில் இருக்கிறது. திரை இலேசாக இருக்கிறது. அதனால்தான் அது மடியில் உட்கார்ந்துகொள்கிறது. மடிக்கணினி என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் சரியான உறுப்பைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

டூ-இன்-ஒன் எடை குறைவு என்பதும் பாதி உண்மைதான். விளம்பரத்தில் சொல்லப்படும் எடை பெரும்பாலும் திரைக்கு மட்டும் உரியது. 12.9 அங்குல ஐபேட் ப்ரோவுடன் ஆப்பிளின் மேஜிக் கீபோர்டைச் சேர்த்தால் ஏறத்தாழ 1.4 கிலோ ஆகிவிடுகிறது. 2022 இல் வந்த மேக்புக் ஏர் முழுதாகவே 1.24 கிலோதான். விலையிலும் இதே கதைதான். பல மாடல்களில் கீபோர்டும் பேனாவும் தனி விலை. ஐபேட் ப்ரோவுக்கான அந்தக் கீபோர்டு மட்டுமே 25 ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. எனவே கடையில் விலை கேட்கும்போது, "கீபோர்டு, பேனா, சார்ஜர் எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு, அந்தத் தொகையைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 60 ஆயிரத்துக்குள் கீபோர்டும் பேனாவும் சேர்த்து ஒரு டூ-இன்-ஒன் தருகிறார்கள் என்றால், பணம் எங்கேயோ மிச்சம் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் புராசஸரிலோ, ராம் என்னும் நினைவகத்திலோ, எஸ்எஸ்டிக்குப் பதிலாக மெதுவான இஎம்எம்சி சேமிப்பகம் வைத்ததிலோ அது இருக்கும்.

பி.காம். படிப்புக்கு எக்செல் முழுமையாக வேண்டும். டாலி என்ற கணக்கு மென்பொருளைப் பழக வேண்டியிருக்கும். டாலி பிரைம் விண்டோஸில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலோ ஐபேடிலோ அதை நிறுவ முடியாது. ஆகையால் விண்டோஸ் 11 உள்ள, 13 அல்லது 14 அங்குலத் திரையும், ஒன்றரை கிலோவுக்குக் குறைந்த எடையும், எஸ்எஸ்டியும் கொண்ட லேப்டாப்பைப் பாருங்கள். ராம் 16 ஜிபி இருப்பது நல்லது. 8 ஜிபிதான் பணத்துக்குள் வருகிறது என்றால், பின்னர் கூட்டிக்கொள்ள உள்ளே இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருப்பதால், வாங்கும்போது எவ்வளவோ அவ்வளவுதான் கடைசி வரைக்கும்.

மகளையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். மேசை இல்லாத நாற்காலி ஒன்றில் அமர்ந்து, கருவியை மடியில் வைத்து, பத்து வரி தட்டிப் பார்க்கட்டும். கழுத்து எவ்வளவு குனிகிறது, மணிக்கட்டு எங்கே தொங்குகிறது என்பதை அருகில் நின்று நீங்களே பார்க்கலாம். தாயின் கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

டியூஷன் ஆசிரியை, சூரமங்கலம்

கேள்வி: பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இரவில் வினாத்தாள் தயாரிக்கிறேன். எனக்கு எது சரியாக இருக்கும்?

பதில்: திரை முழுவதும் பின்னால் மடங்கும் லேப்டாப் உங்களுக்காகவே செய்யப்பட்டதுபோல் இருக்கிறது. இரவில் கீபோர்டில் தட்டி வினாத்தாளை முடித்துவிடலாம். காலையில் கூடாரம்போல் மடித்து மேசைமேல் நிறுத்தினால் பிள்ளைகள் பக்கம் திரை மட்டும் தெரியும். பேனாவால் நீங்கள் ஒரு படி எழுத, அவர்கள் அடுத்த படியைச் சொல்வார்கள். எச்டிஎம்ஐ துளை இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்கினால் வீட்டு டிவியிலேயே காட்டிவிடலாம். ஒரே ஒரு குறை, டேப்லெட்டாக மடித்த நிலையில் இது ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கனக்கும். நின்றுகொண்டு ஒரு கையில் ஏந்தி எழுதுவது கால் மணி நேரத்துக்கு மேல் முடியாது.

காபித் தோட்டக்காரர், ஏற்காடு

கேள்வி: சிறிய தோட்டம்தான், காபியும் மிளகும் இருக்கின்றன. பறிப்புக் காலத்தில் தினமும் ஆள் கணக்கு, பழ எடை எழுத வேண்டும். இப்போது கணக்கப்பிள்ளை நோட்டில் எழுதி வருகிறார். இரவில் நான் அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றுகிறேன். தோட்டத்துக்கே எடுத்துப்போகும்படி ஒரு டூ-இன்-ஒன் வாங்கினால் இரட்டை வேலை மிச்சமாகுமா? பனியும் தூறலும் இருக்கும். அடிக்கடி மின்சாரமும் போய்விடும்.

பதில்: இரட்டை வேலையை ஒழிக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது மிகச் சரி. ஆனால் அதற்காக விலை உயர்ந்த விண்டோஸ் டூ-இன்-ஒன்னைச் சரிவில் தூக்கிக்கொண்டு நடப்பது எனக்குச் சம்மதமில்லை. உங்கள் வேலை இரண்டு இடங்களில் நடக்கிறது. தோட்டத்தில் நடப்பது நின்றுகொண்டு செய்யும் வேலை: ஒரு பெயர், ஒரு எடை, அவ்வளவுதான். வீட்டில் நடப்பது உட்கார்ந்து செய்யும் வேலை: கூட்டல், சம்பளம், வரவு செலவு. நிற்கும் வேலைக்குக் கீபோர்டு தேவையே இல்லை. சாய்வான தரையில் கீபோர்டு அட்டை தொங்கிக்கொண்டு தொந்தரவுதான் செய்யும். அது ஒட்டும் இடத்திலுள்ள பொன்முலாம் பூசிய சிறு முனைகளில் ஈர மண் படிந்தால், கீபோர்டு விட்டு விட்டு வேலை செய்யும்.

எனவே எட்டு அல்லது பத்து அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்றைத் தடித்த ரப்பர் உறையோடும் கழுத்தில் மாட்டும் வாரோடும் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இப்போதிருக்கும் கணினி அப்படியே இருக்கட்டும். ஆள் பெயர் ஒரு வரிசையிலும் தேதி ஒரு வரிசையிலும் வரும்படி கூகுள் ஷீட்ஸ் போன்ற செயலியில் கணக்குத் தாள் ஒன்றை நீங்களே அமைத்து, இணையம் இல்லாமலும் திறக்கும்படி குறித்துவைத்தால், சரிவில் சிக்னல் இல்லாத இடத்தில் எழுதியதெல்லாம் வீட்டு வைஃபை கிடைத்ததும் தானாகக் கணினிக்கு வந்து சேரும். கணக்கப்பிள்ளைக்குப் பழக ஒரு வாரம் போதும். அந்த ஒரு வாரம் நோட்டும் கூடவே இருக்கட்டும். கூலிக் கணக்கில் ஒருவருடைய ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது.

ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தொடுதிரை விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது. தண்ணீர்த் துளியும் அதற்கு விரலைப் போலவே தெரிவதால், தூறலில் திரை தானாகவே எதையாவது தொட்டுக்கொண்டிருக்கும்; 42 கிலோ என்று எழுதியது 422 ஆகிவிடலாம். சாம்சங்கின் எஸ்-பென் போன்ற, மின்காந்த முறையில் இயங்கும் பேனாவுக்கு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு. அந்தப் பேனாவுக்குச் சார்ஜும் தேவையில்லை. அந்நிறுவனத்தின் டேப் எஸ்9 வரிசை 2023 இல் ஐபி68 தகுதியோடு வந்தது. தூசியையும் தண்ணீரையும் தாங்கும் என்பதற்கான தகுதி அது. ஆனாலும் சார்ஜ் செய்யும் துளை ஈரமாக இருக்கும்போது கேபிளைச் செருகக் கூடாது.

இன்னொன்று, மலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மார்கழி மாலையில் வெளியில் குளிர்ந்துபோன கருவியை நேரே அடுப்பெரியும் அறைக்குள் கொண்டுவந்தால், கண்ணாடியில் வியர்ப்பதுபோல் உள்ளேயும் ஈரம் கோக்கும். பையிலேயே அரை மணி நேரம் விட்டுவைத்துப் பிறகு திறந்து, அதற்கும் பிறகே சார்ஜில் போடுங்கள்.

மின்தடைக்கு யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் கருவியாக வாங்கிக்கொண்டால் பவர் பேங்கே போதும். 20,000 எம்ஏஎச் என்று போட்டிருக்கும் பவர் பேங்கில் சுமார் 74 வாட்-மணி மின்சாரம் இருக்கிறது. மாற்றத்தில் வீணாவது போக 50 முதல் 60 வரை கையில் கிடைக்கும். 11 அங்குல டேப்லெட்டின் பேட்டரி 30 வாட்-மணியை ஒட்டியது. ஆகவே இரண்டு முறை கிட்டத்தட்ட நிரப்பலாம். லேப்டாப் என்றால் ஒரு முறைதான். அதற்கும் 45 வாட்டோ 65 வாட்டோ கொடுக்கக்கூடிய பவர் பேங்காக இருக்க வேண்டும்.

ஒரு வாசகர், கொண்டலாம்பட்டி

கேள்வி: என் டேப்லெட் வெயில் காலத்தில் மதியம் மிகவும் மெதுவாகிவிடுகிறது, சில சமயம் சூடாக இருக்கிறது என்று எழுத்துக் காட்டி அணைந்தும் போகிறது. பழுதா?

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. டேப்லெட்டுகளில் மின்விசிறி கிடையாது. சில லேப்டாப்களிலும் கிடையாது. சூடு ஏறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்வதுதான் அவற்றின் தற்காப்பு. ஆப்பிள் தன் ஐபேடுகளை 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தும்படி சொல்கிறது. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுகிற நம் ஊரில், மாடி அறையில் ஓட்டுக்கூரைக்குக் கீழ் உட்கார்ந்தால் அந்த எல்லையைக் காலையிலேயே கடந்துவிடுவோம். உறையைக் கழற்றுங்கள், சார்ஜில் போட்டபடி வீடியோ பார்க்காதீர்கள், மெத்தை, தலையணைமேல் வைக்காதீர்கள். நெடுநேரம் கனமான வேலை செய்பவராக இருந்தால், சேலத்து வெயிலுக்கு விசிறி வைத்த லேப்டாப்பே உத்தமம்.

காருக்குள் மட்டும் ஒருபோதும் விட்டுச் செல்லாதீர்கள். ஒரு வைகாசி மாதம், அஸ்தம்பட்டியில் ஒரு திருமணத்துக்குப் போனபோது டேப்லெட்டைக் காரின் முன்பக்கத்திலேயே விட்டுவிட்டேன். இரண்டு மணி நேரம்தான். அப்போது ஒன்றும் தெரியவில்லை. சில வாரங்கள் கழித்துத் திரையின் ஓர் ஓரம் நகக்கண் அளவு எழும்பி நின்றது. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. சர்வீஸ் சென்டரில், திரையைப் பெயர்க்காமல் பேட்டரியைத் தொட முடியாது, பெயர்த்தால் திரை உடையும் என்று சொல்லி, புதிய டேப்லெட்டின் விலைக்குச் சற்றே குறைந்த தொகையைக் கேட்டார்கள். லேப்டாப்பாக இருந்தால் அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றி, பேட்டரியை மாற்றி, ஒரு மணி நேரத்தில் கொடுத்திருப்பார்கள். டேப்லெட்டும் கீபோர்டு கழலும் டூ-இன்-ஒன்னும் பெரும்பாலும் பசையால் ஒட்டி மூடப்பட்டவை என்பதை வாங்கும் நாளிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உப்பிய பேட்டரியை யாரும் அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

கொலுசுப் பட்டறை உரிமையாளர், செவ்வாய்ப்பேட்டை

கேள்வி: மூன்று தலைமுறையாக வெள்ளிக் கொலுசு செய்கிறோம். என் அப்பா மாதிரிகளைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து வைப்பார். அந்தத் தாள்கள் இப்போது உதிர்ந்துகொண்டிருக்கின்றன. மகன், வரைவதற்கு டூ-இன்-ஒன் வாங்கலாம் என்கிறான். எனக்கு லேப்டாப் போதாதா என்று தோன்றுகிறது. இத்தனை செலவு தேவைதானா?

பதில்: இந்த வாரம் வந்த கடிதங்களில் கீபோர்டு கழலும் வகை டூ-இன்-ஒன் வாங்குங்கள் என்று நான் தயங்காமல் சொல்வது உங்களுக்குத்தான். உங்கள் மகன் சரியாகக் கேட்டிருக்கிறார்.

கொலுசின் வடிவம் ஒரு கண்ணி திரும்பத் திரும்ப வந்து கோப்பது. தாளில் ஒரு கண்ணியை வரைந்தபின் மற்றக் கண்ணிகளையும் கையாலேயே வரைய வேண்டும். பன்னிரண்டாவது கண்ணியில் கை சற்றுத் தளர்ந்தால் வளைவு மாறிவிடும். பேனா உள்ள திரையில் ஒரு கண்ணியை மட்டும் மனம் நிறைய வரைந்துவிட்டு, அதைப் பிரதி எடுத்து வரிசையாக அடுக்கிக்கொள்ளலாம். ஒரு பாதியை வரைந்தால் மறுபாதி கண்ணாடியில் தெரிவதுபோல் கூடவே வரையப்படும்படியும் செய்யலாம். முத்து தொங்கும் இடத்தைச் சற்றுக் கீழே இறக்கினால் மொத்தக் கொலுசும் எப்படி மாறும் என்பதை வாடிக்கையாளர் எதிரிலேயே காட்டலாம். நகாசு வேலையின் கோடு ஓரிடத்தில் மயிரிழையாகவும் ஓரிடத்தில் பருத்தும் போகும் அல்லவா? நல்ல பேனாக்கள் அழுத்தத்தை 4,096 படிகளாகப் பிரித்து உணர்வதால், கை அழுத்தினால் கோடு பருக்கும், தளர்த்தினால் மெலியும். லேப்டாப்பின் டச்பேடிலோ மவுஸிலோ இது வராது. உங்கள் தந்தையின் விரலுக்கு இருந்த பழக்கம் பேனாவுக்குத்தான் இறங்கும்.

முதல் வேலையாக அந்தத் தாள்களைக் காப்பாற்றுங்கள். உதிர்கிற தாளைக் கையால் நீவாமல், சன்னலோர வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல், பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து நேர் மேலிருந்து ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள். அளவுகோல் படத்தில் இருந்தால்தான் பின்னாளில் உண்மை அளவு தெரியும். அந்தப் படத்தைத் திரையில் மங்கலாகக் கீழடுக்கில் வைத்து, மேலடுக்கில் உங்கள் மகன் பேனாவால் ஒற்றி எடுத்தால், தாத்தாவின் மாதிரி பேரனின் கை வழியாகவே மீண்டும் வரும். எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கிலும் பிரதி வைத்திருங்கள். பேரேட்டுக்கும் பில்லுக்கும் ஏற்கெனவே பட்டறையில் ஒரு கணினி இருக்கும் என்று நம்புகிறேன்; இந்தக் கருவியில் அவற்றை ஏற்ற வேண்டாம்.

எந்த வகை என்பதற்கு மகனிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். வரைந்ததோடு நிற்குமா, அச்சு வெட்டவோ மெழுகு மாதிரி எடுக்கவோ முப்பரிமாண வடிவமாக மாற்ற வேண்டுமா? வரைவதோடு நிற்கும் என்றால் ஐபேடோ, பேனாவோடு வரும் சாம்சங் டேப்லெட்டோ போதும். சாம்சங்கின் டேப் எஸ் வரிசையில் பேனா பெட்டிக்குள்ளேயே வருவதால் அந்தச் செலவு மிச்சம். ரைனோ போன்ற முப்பரிமாண மென்பொருள் வேண்டும் என்றால், அது விண்டோஸிலும் மேக்கிலும்தான் முழுமையாக ஓடும். அப்போது பேனா ஏற்கும் விண்டோஸ் டூ-இன்-ஒன்தான் வழி. பேனாவைத் தனியாக வாங்கும்போது கவனம் தேவை. ஆப்பிள் பேனா சாம்சங்கில் எழுதாது. சாம்சங் பேனா சர்ஃபேஸில் எழுதாது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே முறை வேறு.

பட்டறையில் அரத்தூள் பறக்கும். வெள்ளித்தூள் படிந்த திரையில் பேனா முனை ஓடினால் கண்ணாடியில் கீறல் விழும். சொரசொரப்பான மேலொட்டுத் தாள் ஒட்டிக்கொண்டால் கண்ணாடி காக்கப்படும், தாளில் வரைவது போன்ற பிடிப்பும் கிடைக்கும். பேனா முனை மட்டும் சற்று விரைவாகத் தேயும். மாற்று முனைகள் தனியாகக் கிடைக்கின்றன.

அச்சக உரிமையாளர், குகை

கேள்வி: கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கிறோம். பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும்தான் எங்கள் தொழில். வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்த் திருத்தம் வாங்க, இலேசான கருவி எது?

பதில்: வேகமும் பேட்டரியும் பார்த்து, ஸ்னாப்டிராகன் புராசஸர் உள்ள விண்டோஸ் கருவியை வாங்கிவிடாதீர்கள் என்று முதலில் எச்சரிக்கிறேன். போன்களில் இருப்பது போன்ற ஏஆர்எம் இனப் புராசஸர் அது. 2012 இல் வந்த சர்ஃபேஸ் ஆர்டியும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். பழைய விண்டோஸ் புரோகிராம் எதுவும் அதில் ஓடவில்லை, மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுத நேர்ந்தது. 2024 முதல் வருகிற ஸ்னாப்டிராகன் எக்ஸ் கருவிகள் எவ்வளவோ முன்னேறியவை. பழைய புரோகிராம்கள் பலவற்றை மொழிபெயர்த்து ஓட்டிவிடுகின்றன. ஆனால் இணைக்கும் கருவிகளை இயக்குகிற டிரைவர் என்ற துணை மென்பொருள்களை அப்படி ஓட்ட முடியாது. உங்கள் பழைய பிரிண்டரும், மென்பொருளோடு வந்த யூஎஸ்பி பூட்டும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். இன்டெல் அல்லது ஏஎம்டி புராசஸர் உள்ள சிறிய லேப்டாப்பாகவே வாங்குங்கள்.

திருத்தம் வாங்குவதற்கோ கையிலுள்ள போனே போதும். பிடிஎஃப் ஆக மாற்றி எழுத்துருவையும் உள்ளே பதித்து அனுப்புங்கள். பாமினியிலோ வானவில்லிலோ தட்டிய பத்தி, அந்த எழுத்துரு இல்லாத கருவியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். மணமகன் பெயரே அப்படித் தெரிந்தால் வீட்டில் பதறிவிடுவார்கள். எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறிமுறையான யூனிகோடைத் தமிழக அரசே 2010 இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. புதிய வேலைகளையாவது யூனிகோடில் தட்டத் தொடங்குங்கள்.

ஒரு மாணவர், ஓமலூர்

கேள்வி: பழைய சர்ஃபேஸ் ப்ரோ ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: எந்த ஆண்டு மாடல் என்று பாருங்கள் தம்பி. விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புராசஸர் வேண்டும். 2017 மாடலில் இருப்பது ஏழாம் தலைமுறை, அது வேண்டாம். 2018 இல் வந்த சர்ஃபேஸ் ப்ரோ 6 முதல் பரவாயில்லை. மேசைமேல் படுக்கவைத்து, விளிம்போடு கண்ணை வைத்துப் பாருங்கள். திரை எங்காவது எழும்பியிருந்தால், என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அஸ்தம்பட்டி

கேள்வி: வயது எழுபத்திரண்டு. காலையில் செய்தித்தாள், மாலையில் வெளிநாட்டிலுள்ள பேரனோடு வீடியோவில் பேச்சு. இவை தவிர, நான் வேலை பார்த்த பள்ளிகளைப் பற்றித் தமிழில் எழுதிவைக்க வேண்டும் என்று ஓர் ஆசை. மகன் லேப்டாப் அனுப்புகிறேன் என்கிறான். எனக்கு அது பாரமாகத் தோன்றுகிறது.

பதில்: ஐயா, தங்களுக்கு டேப்லெட் ஒன்றும், தனியாக ஒரு புளூடூத் கீபோர்டும் போதும் என்பது என் கருத்து. டூ-இன்-ஒன் என்று பெயர் போட்ட விலை உயர்ந்த கருவி தேவையில்லை. சாய்வு நாற்காலியில் அமர்ந்து படிக்கும்போது கையில் அரைக் கிலோ மட்டுமே இருக்கும். 11 அங்குல ஐபேட் போன்றவற்றின் திரை, நிமிர்த்திப் பிடித்தால் ஏ4 தாளின் நீள அகல விகிதத்துக்கு மிக நெருங்கி வருவதால், செய்தித்தாளோ பிடிஎஃப் நூலோ ஒரு பக்கம் முழுதாகக் கண்ணில் படும். அகலமான லேப்டாப் திரையில் அதே பக்கத்தை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்க இரண்டு விரல்களை விரித்தால் ஆயிற்று.

எழுதும்போது மட்டும் டேப்லெட்டைப் புத்தகத் தாங்கியில் கண் மட்டத்துக்கு நிறுத்தி, கீபோர்டை மேசைமேல் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரையும் கீபோர்டும் பிரிந்திருப்பதால் கழுத்து குனியாது. இந்த நன்மை லேப்டாப்பிலும் இல்லை, ஒட்டும் கீபோர்டு உள்ள டூ-இன்-ஒன்னிலும் இல்லை.

தட்டச்சுக்குத் தமிழ்99 முறையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று வேண்டிக்கேட்கிறேன். 1999 இல் தமிழக அரசு தரப்படுத்திய அந்த விசைப்பலகை ஐபேடில் கூடவே வருகிறது, ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிறது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் பெரும்பாலான மெய்யெழுத்துகள் வலக்கையிலும் அமைந்திருப்பதால் இரு கைகளும் மாறி மாறி நடக்கும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் "அம்மா" என்று திரையில் நிற்கும். இலக்கணம் நடத்திய தங்களுக்கு, உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய்யாவதைத் தட்டுகிற விரலே சொல்லிக்கொண்டு போவது புதிதாக இருக்காது. முதல் மூன்று நாள் கை தடுமாறும். விசைகள்மேல் தமிழ் எழுத்து ஒட்டிகளை ஒட்டிக்கொண்டு, தினம் அரைப் பக்கம் தட்டுங்கள். முதல் பள்ளியிலிருந்தே தொடங்கலாம்.